கத்தோலிக்கத் தகப்பன்மாரைப் பற்றி ஒரு முஸ்லிம் வாத்தியார் ஏன் எழுத வேண்டும்?



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கிறவர்கள் முழுதாக வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு என்னோடு சண்டைக்கு வர வேண்டாம்.

பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு தகப்பன் மட்டும் நின்றார். கத்தோலிக்கர். மேசன் வேலை. (பெயரும் ஊரும் வேண்டாம். அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.) மகனுடைய தேர்ச்சி அறிக்கையைக் காட்டிக் கேட்டார்:

"சேர், சமயத்தில தொண்ணூத்திரண்டு எடுத்திருக்கான். ஆனா கோயிலுக்கு வரமாட்டன் எண்டு நிக்கிறான். இதென்ன சேர் கணக்கு?"

"நீங்க போறீங்களா?" என்று கேட்டேன்.

சிரித்தார். "நமக்கெங்க சேர் நேரம். அவன்ட அம்மா போறாதானே."

அவருடைய கேள்வி நியாயமான கேள்வி. அதை அவர் என்னிடம் கேட்டதுதான் எனக்கு யோசனையாக இருந்தது. பங்குத் தந்தையிடம் கேட்க வேண்டியதை, ஏன், தன்னிடமே கேட்க வேண்டியதை, வரலாறு படிப்பிக்கிற ஒரு முஸ்லிம் வாத்தியாரிடம் கேட்கிறார். நான் அன்று சரியான பதில் சொல்லவில்லை, "பேசிப் பார்ப்போம்" என்று மட்டும் சொன்னேன். இப்போது எனக்குத் தெரிந்த வரலாற்றில் இருந்தே பதில் சொல்லப் பார்க்கிறேன். அவருக்கு மட்டும் இல்லை, எங்கள் வாப்பாமாருக்கும் சேர்த்து.

முதலில் அந்த 92ஐப் பார்ப்போம். நம் நாட்டில் சாதாரண தரப் பரீட்சைக்குச் சமயம் கட்டாய பாடம். சைவப் பிள்ளைக்குச் சைவம், முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாம், கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கத்தோலிக்கம். அரசாங்கமே புத்தகம் அச்சடித்து இலவசமாகத் தருகிறது. உலகத்தில் எத்தனையோ நாடுகளில் இல்லாத வசதி இது. திருவருட்சாதனங்கள் ஏழு, அவற்றின் பெயர் இவை என்று பிள்ளை எழுதினால் புள்ளி போடுகிறோம். போடத்தான் வேண்டும். அந்த ஏழில் ஒன்றையாவது வீட்டில் யாராவது பெரிதாக நினைக்கிறார்களா என்று பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பதற்கு எந்த வினாத்தாளிலும் இடம் இல்லை.

சரி, வரலாற்றுக்கு வருகிறேன்.

மட்டக்களப்புக் கோட்டையை, கச்சேரி இருந்த அதே கோட்டையைத்தான் சொல்கிறேன், போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள். பத்து வருடத்தில், 1638இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். இருபது வருடம் கழித்து 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் விழுந்தன. அதோடு இலங்கைக் கரையோரத்தில் கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்ட சமயம் ஆனது. குருமார் வெளியேற்றப்பட்டார்கள். ஒரு குருவை வீட்டில் ஒளித்து வைத்தால் மரண தண்டனை என்று கட்டளை போட்டார்கள். கோயில்கள் ஒல்லாந்தருடைய சீர்திருத்தச் சபைக்குப் போயின.

இந்த இடத்தில் சில முஸ்லிம் நண்பர்கள், "போர்த்துக்கேயன் நம்மளுக்குச் செய்தது மறந்து போச்சா?" என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் 1626 அளவில் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றிய கதையைத் தரம் பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதே நான்தான். ஆனால் போர்த்துக்கேயத் தளபதி செய்ததற்கு ஒரு மீனவக் கத்தோலிக்கக் குடும்பம் என்ன செய்யும்? ஆட்சி மாறியதும் துரத்தப்படுகிறவர்களின் வரிசையில் அவர்களும் வந்து நின்றார்கள். அவ்வளவுதான்.

அடுத்ததாக நான் சொல்லப்போவது என் தொழிலுக்கு அவ்வளவு பெருமையான விசயம் இல்லை. ஒல்லாந்தர் காலத்தில், யாழ்ப்பாணத்திலும் மேற்குக் கரையிலும் குறிப்பாக, பள்ளிக்கூடமும் சபையும் ஒன்றாகவே இருந்தன. வாத்தியார்தான் ஞானஸ்நானம், திருமணம் எல்லாம் பதிகிற தோம்பு எழுதினார். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் தகப்பனுக்குத் தண்டப் பணம். பள்ளியில் சொல்லிக் கொடுத்தது சீர்திருத்தச் சபையின் வினாவிடை. அந்தச் சபைப் பதிவு இல்லாவிட்டால் கலியாணத்துக்கும் முதுசத்துக்கும் சட்டத்தில் நிலை இல்லை, உத்தியோகமும் இல்லை. ஆகவே ஆயிரக்கணக்கான கத்தோலிக்கக் குடும்பங்கள் பெயரைப் பதிந்தார்கள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினார்கள், பிள்ளை வினாவிடையைப் பாடமாக்கி ஒப்புவித்தது. இன்றைய கணக்கில் பார்த்தால் சீர்திருத்தச் சமயத்தில் அந்தப் பிள்ளைக்கும் தொண்ணூற்றிரண்டு.

அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து பொழுது பட்டதும் கதவைச் சாத்திவிட்டுச் செபமாலை சொன்னது.

இப்படி எவ்வளவு காலம் என்று நினைக்கிறீர்கள்? கோவாவில் இருந்து யோசப் வாஸ் அடிகளார் 1687இல் இங்கே வந்து சேர்ந்தார். 1658இல் இருந்து எண்ணினால் ஏறத்தாழ 29 வருடம். குருவாக வந்தால் பிடித்துவிடுவார்கள் என்று கூலி ஆள் மாதிரி, பிச்சைக்காரர் மாதிரி வந்தார். யாழ்ப்பாணத்தில் யார் கத்தோலிக்கர் என்று யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாது. அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கழுத்தில் ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். செபமாலையைக் கண்டதும் எந்த வீட்டுக்காரருடைய முகம் மாறுகிறது என்று பார்த்தார். அப்படித்தான் ஒவ்வொரு வீடாகக் கண்டுபிடித்தார். பிறகு சில்லாலையில் தங்கி இரவு இரவாகப் பூசை வைத்தார்.

வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் அடிகளாருடைய வேசத்தைத்தான் ரசிப்பார்கள். எனக்கு அந்த வீட்டுக்காரர்தான் முக்கியம். 1658இல் பிறந்த பிள்ளை 1687இல் 29 வயது ஆள். அவருக்கே பிள்ளை குட்டி இருக்கும். கோயிலில் பகிரங்கமாக ஒரு பூசையைப் பார்த்திருக்க மாட்டார். மறைக்கல்வி வகுப்பு இல்லை, புத்தகம் இல்லை, புதுநன்மைக்கு வெள்ளை உடுப்பு இல்லை. ஆனாலும் ஒரு பிச்சைக்காரர் கழுத்தில் செபமாலையைக் கண்டதும் அவர் முகம் மாறியிருக்கிறது. அந்த முகமாற்றத்தை அவருக்குக் கொடுத்தது யார்? வீட்டில் இருந்த தாயும் தகப்பனும் மூத்தவர்களும்தான். வேறு யாரும் இருக்கவில்லை.

வாஸ் அடிகளாரும் இதை நன்றாக விளங்கிக்கொண்டார். நாடு முழுக்க ஒன்றிரண்டு குருமாரால் ஓடித் திரிய முடியாது. ஒவ்வொரு ஊரிலும் மூப்பர், அண்ணாவியார் என்று குடும்பஸ்தர்களை வைத்தார். குரு வராத ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள்தான் செபம் நடத்தினார்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், சாகக் கிடக்கிற குழந்தைக்கு அவசரத் திருமுழுக்கும் கொடுத்தார்கள். சம்பளக்காரர்கள் இல்லை. மீன் பிடிக்கிறவர், வயல் செய்கிறவர். பிடிபட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்துதான் செய்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு நத்தார் இரவில் கூடியிருந்த சனத்தை ஒல்லாந்தர் சுற்றிவளைத்துப் பிடித்து, முன்னணியில் நின்றவர்களைக் கசையால் அடித்தார்கள். அடியிலேயே ஒருவர் செத்தார்.

அடிகளார் 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் மௌத்தானார். 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் வைத்து அவரைப் புனிதராக அறிவித்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். நான் தொலைக்காட்சியில் பார்த்தேன். பட்டம் கிடைக்காத அந்த மூப்பர்மாரும் பெயர் தெரியாத தகப்பன்மாரும் இல்லாவிட்டால் அந்தப் புனிதருக்குக் கதவு திறக்க இலங்கையில் ஆள் இருந்திருக்காது என்று அப்போதே நினைத்தேன்.

1796இல் ஆங்கிலேயர் வந்தார்கள். 1806இல் கத்தோலிக்கருக்கு இருந்த தடைகள் சட்டப்படி நீங்கின. பிறகு என்ன நடந்தது? தோம்பில் இலட்சக்கணக்கில் பதியப்பட்டிருந்த சீர்திருத்தச் சபைக்காரர் கொஞ்சக் காலத்தில் காணாமல் போனார்கள். தண்டப் பணத்துக்குப் பயந்து வந்தவர்கள், பயம் போனதும் போய்விட்டார்கள். ஒளித்து வைத்த சமயம் வெளியே வந்து கோயில் கட்டியது. ஏறத்தாழ 150 வருடம் பள்ளிக்கூடம் ஒன்றைச் சொன்னது, வீடு இன்னொன்றைச் சொன்னது. வீடுதான் வென்றது. வாத்தியாராக இதைச் சொல்லக் கொஞ்சம் கஷ்டம்தான்.

இனி நம் மாவட்டத்துக்குள்ளேயே இதற்கு மறுபக்கமான ஒரு கதை இருக்கிறது. மட்டக்களப்புப் பறங்கியரை எல்லோருக்கும் தெரியும். மரவேலை, இரும்பு வேலை, மெக்கானிக் வேலையில் பெயர் எடுத்த சமூகம். அந்த நாளில் ஒரு நல்ல அலுமாரி செய்ய வேண்டும் என்றால் அவர்களைத்தான் தேடிப் போவார்கள் என்று எங்கள் மூத்தவாப்பா சொல்வார். தொழில் தகப்பனிடம் இருந்து மகனுக்குப் பட்டறையில் போனது. பெரும்பாலும் கத்தோலிக்கர். அவர்களுடைய வீட்டு மொழி போர்த்துக்கேயக் கிரியோல். ஒல்லாந்தர் அந்த மொழியையும் அமுக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. ஒல்லாந்தருடைய சொந்த வீடுகளுக்குள்ளேயே அது புகுந்துவிட்டது. ஆங்கிலேயர் காலத்தையும் தாண்டியது. சுமார் 350 வருடம் உயிரோடு இருந்த மொழி.

இன்று அதை நன்றாகப் பேசுகிறவர்கள் அநேகமாக வயது போனவர்கள். லிஸ்பனில் இருந்து மொழியியல் ஆய்வாளர்கள் வந்து அந்த முதியவர்களின் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்கிறார்கள். இளம் பிள்ளைகள் நம்மைப் போலத் தமிழ்தான் பேசுகிறார்கள்.

அந்த மொழியை யாரும் தடை செய்யவில்லையே! எந்தச் சட்டமும் வரவில்லை, யாரும் கசையால் அடிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் தமிழும் ஆங்கிலமும்தான் உதவும் என்று தாய் தகப்பன் நினைத்தார்கள். அவர்களுக்குள் கிரியோல் பேசினார்கள், பிள்ளையிடம் திரும்பித் தமிழ் பேசினார்கள். அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒல்லாந்தனுடைய சட்டத்தால் முடியாததை, வீட்டுக்குள் நடந்த ஒரு சின்ன மாற்றம் இரண்டு மூன்று தலைமுறையில் செய்து முடித்துவிட்டது.

அந்த மேசன் தகப்பனுக்கு என் பதில் இதுதான். உங்கள் மகனுக்குச் சமயம் தெரியும். உங்கள் வீட்டில் அது பேசுகிற மொழியாக இல்லை.

கத்தோலிக்கத் திருச்சபையே இதைத்தான் சொல்கிறது என்று எனக்கு ஒரு கத்தோலிக்க நண்பர் காட்டினார். குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கும் சடங்கில் குருவானவர் மட்டும் இல்லை, தாயும் தகப்பனும் ஞானப்பெற்றோரும் குழந்தையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைகிறார்கள். சடங்கின் முடிவில் தாய்க்கு ஓர் ஆசீர், தகப்பனுக்கு ஓர் ஆசீர். பிள்ளைக்கு விசுவாசத்தைச் சொல்லித் தருகிற முதல் ஆசிரியர்கள் நீங்கள்தான் என்று அங்கே தாயையும் தகப்பனையும் சேர்த்தே சொல்கிறார்கள். 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று சொன்னது. பாப்பரசர் பிரான்சிஸ் 2020 டிசம்பர் 8 தொடக்கம் ஒரு முழு வருடத்தைப் புனித சூசையப்பருக்கு, அதாவது ஒரு தகப்பனுக்கு, ஒதுக்கினார். அந்தச் சூசையப்பர் விவிலியத்தில் ஒரு வசனம் கூடப் பேசியதாக இல்லையாம். தச்சு வேலை செய்தார், பிள்ளையைக் காப்பாற்றினார், அவ்வளவுதான். எனக்கு இது புதிய தகவல், பிடித்த தகவல்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் பக்கம் போனால் என்ன பார்க்கிறோம்? தாய்மாரும் பிள்ளைகளும் உள்ளே. தகப்பன்மாரில் பாதிப் பேர் வெளியே வேப்பமரத்துக்குக் கீழே மோட்டார் சைக்கிளில் குந்தியிருந்து போன் பார்க்கிறார்கள். கொண்டுவந்து விட்டாயிற்று, முடிந்ததும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். சிரிக்காதீர்கள் முஸ்லிம் நண்பர்களே. பின்னேரம் குர்ஆன் மத்ரசா கேற்றடியில் நிற்கிற வாப்பாமார் யார்? ஓதிக் கொடுக்க உஸ்தாதுக்கு மாதம் மாதம் காசு கட்டுகிறோம், ஆகவே நம் கடமை முடிந்தது. அங்கே புதுநன்மைக்கு மண்டபம், கேக், வீடியோ. இங்கே குர்ஆன் தமாமுக்கு மண்டபம், கேக், வீடியோ. கேக்கின் மேலே எழுதுகிற எழுத்து மட்டும்தான் வித்தியாசம்.

எனக்கு நேரடியாகத் தெரிந்த ஒரு தகப்பனைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்வியியற் கல்லூரி விடுதியில் என் அடுத்த கட்டில்காரர் ஒரு கத்தோலிக்கர். வாவிக்கரைக் கிராமம், தகப்பன் தோணியில் மீன் பிடிக்கிறவர். நண்பர் ஒவ்வொரு இரவும் படுக்கையில் இருந்தபடி செபமாலை சொல்லுவார். நான் இஷா தொழுதுவிட்டு வரும்போது அவர் பாதியில் இருப்பார். ஒருநாள் கேட்டேன், யார் பழக்கியது என்று. அவர் சொன்னது:

"பழக்கவெல்லாம் இல்ல மச்சான். அப்பா வலைக்குப் போக முதல் பொழுது பட விளக்குக் கொளுத்தித் தொடங்குவார். முழுநாள் வெயில்ல வலை பொத்தின மனுசன், மூணாவது காரணிக்கத்தில நித்திரை தூங்கி விழுவார். நாங்க சிரிப்பம். அம்மா கையால இடிப்பா. திடுக்கிட்டு எழும்பிப் பிழையான இடத்தில தொடங்குவார். பிறகும் சிரிப்பம். ஆனா ஒரு நாளும் விடல்ல."

அந்தத் தகப்பன் பிள்ளைகளுக்கு ஒரு வேதபாடமும் நடத்தவில்லை. தோணியைத் தள்ள முதல் குனிந்து வாவித் தண்ணீரை விரலால் தொட்டுச் சிலுவை அடையாளம் போடுவாராம். நண்பர் பரீட்சை மண்டபத்துக்குள் போக முதல் அதே மாதிரி குனிந்து தரையைத் தொடுவார். என்ன செய்கிறீர் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கை தானாகப் போகும்.

வேர்ன் பெங்ஸ்டன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் தென் கலிபோர்னியாவில் 1970இல் தொடங்கி 35 வருடம், 350க்கும் மேற்பட்ட குடும்பங்களில் சுமார் 3500 பேரைத் தொடர்ந்து விசாரித்தார். தாத்தா, தகப்பன், பேரன் என்று தலைமுறை தலைமுறையாக. 2013இல் புத்தகமாக வந்தது. சமயம் அடுத்த தலைமுறைக்குப் போகிறதா என்பதில் தகப்பனுடைய அன்பும் நெருக்கமும் பெரிய பங்கு வகிக்கிறது என்று கண்டார். தகப்பன் எவ்வளவு பக்திமான் என்றாலும், பிள்ளைக்கு அவர் தூரமான, பயமான ஆளாக இருந்தால் பக்தி பிள்ளையிடம் போய்ச் சேர்வது குறைவு. அந்தத் தூங்கி விழுந்த மீனவரைப் பெங்ஸ்டன் சந்தித்திருந்தால் நல்லாயிருக்கும்.

இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்தில் தகப்பன் சமயத்தைக் கையில் எடுத்தால் கூடவே பிரம்பையும் எடுக்கிறார். தொழாத மகனுக்கு அடி, பூசைக்கு வராத மகனுக்குச் சோறு இல்லை. வகுப்பில் பார்க்கிறேன், அப்படி வளர்கிற பிள்ளை பதினாறு வயதில் முதலில் விட்டுவிட்டுப் போவது அந்தத் தொழுகையையும் பூசையையும்தான். பிள்ளைக்கு அதுவும் அடியும் ஒரே பொருளாகிவிட்டது.

"சேர், அப்ப தாய்மார் செய்யிறது கணக்கில்லையா?" என்று சகோதரிகள் கேட்பீர்கள். கணக்கு இருக்கிறது. சொல்லப்போனால் இவ்வளவு நாளும் கணக்கு முழுவதும் தாய்மாருடையதுதான். மட்டக்களப்பில் தமிழரும் சரி முஸ்லிம்களும் சரி, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்கிற வழக்கம். வீடு பெண்ணுடையது. பிள்ளை வளர்வது தாய் வழிச் சொந்தத்துக்கு நடுவில். அந்த வீட்டில் தகப்பன் கொஞ்சம் விருந்தாளி மாதிரி ஒதுங்கிவிடுவது லேசு. உழைத்துக் கொடுக்கிறேன், மற்றதை நீங்கள் பாருங்கள் என்று. ஆனால் ஒரு பொடியன் பன்னிரண்டு பதின்மூன்று வயதில், ஆம்பிள என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று தேடத் தொடங்குகிறான். அப்போது கோயில் என்பது அம்மாவும் அம்மம்மாவும் போகிற இடம், அப்பா வெளியே நிற்கிற இடம் என்று அவன் மனதில் பதிந்திருந்தால், அவனும் வெளியே வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்பான். அவன் அப்பாவிடம் சரியாகத்தான் படித்திருக்கிறான்.

தகப்பன் கட்டாரில், சவூதியில் இருக்கிற வீடுகள் இருக்கின்றன. கடலுக்குப் போய் மாதக் கணக்கில் வராதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் புத்தி சொல்லப் போவதில்லை. ஆனால் வட்சப்பில் அழைத்து "பாடம் படிச்சியா, டியூசனுக்குப் போனியா" என்று கேட்கிற அதே ஐந்து நிமிடத்தில் ஒரு மங்கள வார்த்தை செபத்தைப் பிள்ளையோடு சேர்ந்து சொல்லலாம். எனக்குத் தெரிந்த ஒரு வாப்பா ரியாத்தில் இருந்து ஒவ்வொரு வியாழன் இரவும் மகள் ஓதுவதைக் கேட்பார். பிழை திருத்த அவருக்கு ஓதவே சரியாகத் தெரியாது. கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார்.

தகப்பனே இல்லாத வீடுகள் வேறு. கிரான், வாகரை, சந்திவெளி, சித்தாண்டி, ஏறாவூர், எங்கே போனாலும் 1990இலும், 2004 சுனாமியிலும், அதற்குப் பிறகு யுத்தத்திலும் தகப்பனைக் கொடுத்த வீடுகள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து இப்போது அவர்களே தகப்பன்மார். எப்படித் தகப்பனாக இருப்பது என்று பார்த்துப் பழக அவர்களுக்கு ஆள் இருக்கவில்லை. வேப்பமரத்துக்குக் கீழே நிற்கிற சிலரைப் பற்றிப் பேச முதல் நாம் இதை நினைக்க வேண்டும். கத்தோலிக்கரிடம் ஞானத்தகப்பன் என்று ஒரு நல்ல முறை இருக்கிறது. திருமுழுக்கு அன்று கையில் ஏந்தி, ஒரு சங்கிலி போட்டுவிட்டுப் போகிற ஆளாக அது இப்போது சுருங்கிவிட்டது என்று அவர்களே சொல்கிறார்கள். அந்த ஆள் உண்மையில் செய்ய வேண்டிய வேலை இந்தப் பிள்ளைகளுக்குத்தான் தேவை. எங்கள் நபிகள் நாயகம் (ஸல்) தகப்பன் முகம் காணாத பிள்ளை. பாட்டனார் அப்துல் முத்தலிபும், அவருக்குப் பிறகு பெரிய தந்தை அபூதாலிபும் வளர்த்தார்கள். தகப்பன் இல்லாத பிள்ளைக்கு ஓர் ஆண்துணை தேவை என்பதை நாம் யாரிடமும் போய்க் கற்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. எழுதவா விடவா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

2019 ஏப்ரல் 21. அன்று குண்டு வெடித்த கோயில்களில் கொச்சிக்கடையும் கட்டுவாப்பிட்டியும் கத்தோலிக்கக் கோயில்கள். நம் மட்டக்களப்பில் சீயோன் தேவாலயம், அது வேறு சபை. அங்கே செத்தவர்களில் பலர் சின்னப் பிள்ளைகள். ஞாயிறு பாடசாலை முடித்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள். குண்டோடு வந்தவனை உள்ளே விடாமல் மறித்துச் செத்தவர் இரண்டு பிள்ளைகளின் தகப்பன். குண்டைக் கொண்டுவந்தவன் எங்கள் சமூகத்தில் இருந்து வந்தவன்.

அதற்குப் பிறகு எத்தனையோ கூட்டங்களில் மார்க்க அறிஞர்களும் அதிகாரிகளும் பேசினார்கள். மத்ரசாக்களைப் பதிய வேண்டும், பாடத்திட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். பார்க்கட்டும். நான் ஒன்றைத்தான் கவனிக்கிறேன். தகப்பனோடு சமயம் பேசாத பிள்ளைக்குச் சமயக் கேள்வி இல்லாமல் போவதில்லை. இரவு பதினொரு மணிக்குப் போர்வைக்குள் போனில் கேட்கிறது. அங்கே பதில் சொல்ல யாரோ ஒருவர் இருக்கிறார். அவருக்கு இந்தப் பிள்ளையைத் தெரியாது. இந்தப் பிள்ளையின் பக்கத்து வீட்டு அந்தோணி மாமாவையும் தெரியாது, முன் வீட்டு சைவ ரீச்சரையும் தெரியாது. வீட்டில் தொழுத வாப்பா, தொழுது முடித்துவிட்டு அந்தோணி மாமாவோடு மதிலடியில் நின்று கதைக்கிறதைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு, அந்தப் போன்காரர் சொல்வதில் எங்கேயோ பிசகு இருக்கிறது என்று தோன்றும். காணாத பிள்ளைக்கு எது தோன்றும்?

அதனால்தான் கத்தோலிக்கத் தகப்பன் தன் மகனோடு பூசைக்குப் போகிறாரா இல்லையா என்பது எனக்கும் ஒரு கவலை. தன் வேதத்தைத் தகப்பனுடைய கையைப் பிடித்துப் படித்த கத்தோலிக்கப் பிள்ளை என் வகுப்பில் இருந்தால், அவனுக்குப் பக்கத்தில் இருக்கிற முஸ்லிம் பிள்ளைக்கும் அது நல்லது. "உங்க மதத்தைப் பற்றி நீங்க ஏன் சேர் கவலைப்படல்ல?" என்று யாராவது எழுதுவார்கள் என்று தெரியும். மேலே திரும்ப வாசியுங்கள், பாதி அதைப் பற்றித்தான்.

செப்டெம்பர் மாதம் ஆயித்தியமலை சதாசகாய மாதா திருவிழாவுக்கு மட்டக்களப்பில் இருந்து சனம் நடந்து போகும். அந்த மேசன் தகப்பனிடம் ஒரு விசயம் கேட்டிருக்கிறேன். ஞாயிறு பூசை, செபமாலை எல்லாம் பிறகு பார்ப்போம். இந்த வருடம் பாதயாத்திரைக்கு மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள், அம்மாவோடு அனுப்ப வேண்டாம், நீங்களும் அவனும் மட்டும் போங்கள், போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் என்று. "அவ்வளவு தூரம் நான் நடப்பனா சேர்?" என்று கேட்டார். நடக்காவிட்டால் மகன் தூக்கிக்கொண்டு வருவான் என்றேன்.

கத்தோலிக்கச் சகோதரர்களே, கீழே எழுதுங்கள்: உங்கள் வீட்டில் செபமாலையைத் தொடங்குவது யார்? சிறுவயதில் யார் தொடங்கினார்கள்? முஸ்லிம், சைவ நண்பர்களும் உங்கள் வாப்பா, அப்பாவைப் பற்றி எழுதலாம். மத விவாதம் வேண்டாம், அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.